படைக்கப்படாத பொன்: ஹைஹுன் கோமான் கல்லறை, ஒரு நிகழ்வு ஆய்வு

குன்றின் மேல் ஒரு குழி

2011 மார்ச் மாதம். சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில், நான்சாங் நகருக்கு வடக்கே போயாங் ஏரிப் பக்கம் ஒரு சிற்றூர். ஊரை ஒட்டிய குன்றில் யாரோ திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் தகவல் கொடுத்தார்கள். மாகாணத் தொல்லியல் ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது, மண்மேட்டின் உச்சியிலிருந்து நேர் கீழாக 14 மீட்டருக்கும் மேல் ஒரு குழி இறங்கியிருந்தது. அது மர அறை வரைக்கும் போயிருந்தது.

தோண்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். இந்த வகைப் பெருங்கல்லறைகளில் சவப்பேழை அறையின் நடுவில் இருப்பதே வழக்கம். அதைக் கணக்குப் போட்டு, மேட்டின் நடுப்புள்ளியாகப் பார்த்து இறங்கியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கல்லறையைக் கட்டியவர்கள் நடு அறையை ஒரு வீடு போலக் கிழக்கறை, மேற்கறை என்று பிரித்து, பேழையை வடகிழக்கு மூலையில் வைத்திருந்தார்கள். திருடர்கள் இறங்கிய இடத்தில் பேழை இல்லை. சில மீட்டர் தள்ளி இறங்கியிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

கல்லறைத் திருட்டு பற்றிப் பேசும்போது, போன பொருளின் விலையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஈமப்பொருள் விஷயத்தில் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு பொற்கட்டி எந்த அறையில், எந்தப் பெட்டியில், பிணத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் போய்விட்டால், அது வெறும் பொன். சடங்கு அதிலிருந்து உதிர்ந்துவிடும். நான்சாங்கில் அந்தத் தகவல் எப்படிக் காப்பாற்றப்பட்டது, அதிலிருந்து என்ன தெரிந்தது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதல் முடிவு: உடனே திறக்கவில்லை

குழி திறந்து கிடக்கிறது. திருடர்கள் திரும்பி வரலாம். காற்றும் புகுந்துவிட்டது. உடனே தோண்டிப் பொருளை எடுத்துவிடுவோம் என்று யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. மீட்பு அகழாய்வு என்ற பெயரில்தான் வேலை தொடங்கியது. ஆனால் முதலில் அவர்கள் கை வைத்தது சுற்றுப்புறத்தில். பல சதுர கிலோமீட்டர் பரப்பை நடந்தே அளந்தார்கள். துளையிட்டு மண்ணைப் பார்த்தார்கள்.

அதன் பலன் பெரியது. அருகில் சுமார் 3.6 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு பழைய மதில் நகரம் இருந்தது தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி 868 மீட்டர் சுற்றளவுள்ள சுவர். அதற்குள் சுமார் 46,000 சதுர மீட்டர் நிலம், 9 கல்லறைகள், ஒரு தேர்க்குழி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதன்மைக் கல்லறையும் அதன் பக்கத்தில் மனைவியின் கல்லறையும் ஒரே மண்மேடையில் நின்றன என்பது. முன்னால் படையல் மண்டபங்களின் அடித்தளங்கள். புதைத்த பிறகும் இறந்தவருக்கு உணவும் உடையும் படைத்துச் சேவை செய்யும், சுமார் இரண்டாயிரம் ஆண்டு முந்தைய ஹான் வம்ச கால வழக்கம் நடந்த இடம் அது. கல்லறையை மட்டும் குறிவைத்து மண்ணை வாரியிருந்தால், அந்த அடித்தளங்கள் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

இந்தப் பொறுமையின் அருமை தெரிய வேண்டுமென்றால் டிங்லிங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். பெய்ஜிங்குக்கு வடக்கே உள்ள அந்தக் கல்லறையில் மிங் வம்சத்து வான்லி பேரரசரும் அவருடைய இரண்டு பேரரசிகளும் இருந்தார்கள். 1956இல் தொடங்கி 1958 வரை அதை அகழ்ந்தார்கள். 0.2 மில்லிமீட்டர் கம்பியால் வலை போலப் பின்னிய பொன் மகுடம் சேதமில்லாமல் கிடைத்தது. பேரரசிகளின் மீன்கொத்தி இறகு பதித்த மகுடங்களும் கிடைத்தன. பட்டுத் துணிகள்தான் பாவம். வெளிக்காற்றில் நிறம் போய், இறுகி, நொறுங்கின. மரப் பேழைகளைப் பிறகு வெளியே எறிந்துவிட்டார்கள். 1966இல், பண்பாட்டுப் புரட்சி நாட்களில், பேரரசர், பேரரசிகளின் எலும்புகள் கொளுத்தப்பட்டன. பேரரசர் கல்லறைகளைத் தாமாக முன்வந்து தோண்டக் கூடாது என்று சீன அரசு பின்னர் முடிவெடுத்ததற்கு இந்த அனுபவம் ஒரு பெரிய காரணம். டிங்லிங்கில் உலோகம் பிழைத்தது; உலோகத்தைச் சுற்றியிருந்தது பிழைக்கவில்லை.

அறை அறையாக

தேர்க்குழியை முன்னதாகவே அகழ்ந்தார்கள். 5 தேர்கள், 20 குதிரைகள். மரமும் குதிரைகளின் எலும்பும் கிட்டத்தட்ட மக்கி, மண்ணில் நிழலாகத்தான் இருந்தன. ஆனால் தேர்களின் அலங்கார உலோகத் துண்டுகள் 3,000க்கும் மேல் கிடைத்தன. வெண்கலத்தில் பொன்னும் வெள்ளியும் இழைத்தவை. உண்மையான குதிரைகளோடு தேர் புதைப்பது சாதாரண ஆளுக்கு உரிய மரியாதை இல்லை. உள்ளே இருப்பவர் பெரிய பிறவி என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முதன்மைக் கல்லறை சுமார் 400 சதுர மீட்டர். நடுவில் வாழும் அறைகள், சுற்றிலும் நடைவழி, அதைச் சுற்றிப் பண்ட அறைகள். பழங்காலத்தில் நிலநடுக்கத்தில் கூரை இடிந்து, ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து எல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. அந்தத் தண்ணீர்தான் காவல்காரனாக நின்றது. திருடர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது. மரத்தையும் அரக்குப் பாத்திரங்களையும் காற்றுப் படாமல் வைத்திருந்தது. ஆனால் இடிந்த விட்டங்கள் பல பொருள்களை நசுக்கியிருந்தன.

பண்ட அறைகளின் ஒழுங்கைப் பார்த்தால் ஒரு பெரிய வீட்டை அப்படியே பூமிக்குள் இறக்கியது போல இருக்கிறது. கிழக்கே சமையல் சாமான். மேற்கே உடை, ஆயுதம், ஏடுகள். வடக்கே தானியம், மது, இசைக்கருவிகள், அப்புறம் காசு. வெண்கல மணிகள் இரண்டு தொகுதிகள், இரும்பால் செய்த தொங்கு தாளக்கட்டைகள், அவற்றை வாசிக்க மரப்பொம்மை இசைக்கலைஞர்கள். மீனைக் கவ்விய வாத்து வடிவத்தில் வெண்கல விளக்கு. புகை வாத்தின் கழுத்து வழியாக வயிற்றுக்குள் போய் அடங்கும். கல்லறைக்கு முந்நூறு நானூறு ஆண்டு என்றில்லை, இன்னும் நெடுங்காலம் முந்தைய மேற்குச் சோ வம்ச காலத்து மதுக்கலம் ஒன்றும் இருந்தது. இறந்தவர் உயிரோடு இருந்தபோதே பழம்பொருள் சேர்த்திருக்கிறார்.

காசு அறை தனிக் கதை. ஊஜூ எனப்படும் சதுரத் துளையுள்ள வெண்கலக் காசுகள், 10 டன்னுக்கும் மேல். சுமார் 20 லட்சம். அள்ளி மூட்டை கட்டியிருந்தால் எடைதான் தெரிந்திருக்கும். இருந்த நிலையிலேயே படம் பிடித்து, அடுக்கடுக்காகப் பிரித்ததால், சரத்துக்கு 1,000 காசு என்று கோத்து வைத்திருந்தது தெரியவந்தது. சரடு மக்கிப் போயிருந்தது. சரம் சரமாக அடுக்கிய ஒழுங்கு மிஞ்சியிருந்தது.

யார் இவர்?

அந்த வட்டாரம் ஹைஹுன் கோமான்களின் ஆட்சிப்பகுதி. அந்தப் பட்டத்தில் நால்வர் இருந்தார்கள். யார் கல்லறை இது?

அரக்குப் பாத்திரங்களில் "சாங்யி 9ஆம் ஆண்டு", "சாங்யி 11ஆம் ஆண்டு" என்று எழுதியிருந்தது. ஒரு வெண்கல முக்காலியில் "சாங்யி ஜித்தியன்" என்று பொறித்திருந்தது. ஜித்தியன் என்பது அரசன் தன் கையாலேயே முதல் ஏர் பூட்டும் சடங்கு நிலம். அதில் விளைந்த தானியம் முன்னோர் படையலுக்கு. சாங்யி இங்கிருந்து வெகுதூரம் வடக்கே, இன்றைய ஷாண்டோங் மாகாணத்தில் இருந்த குறுநாடு.

இரண்டையும் இணைக்கும் ஆள் ஒருவர்தான்: லியூ ஹோ. ஹான் வம்சத்து ஊ பேரரசரின் பேரன். சிறுவயதிலேயே சாங்யியின் அரசனானவர். கி.மு. 74இல் வாரிசில்லாமல் பேரரசர் இறக்க, ஹுவோ குவாங் என்ற சக்திவாய்ந்த அமைச்சர் இவரை அழைத்துவந்து அரியணையில் ஏற்றினார். 27 நாளில் இறக்கியும் விட்டார். அந்த 27 நாளில் 1,127 தவறுகள் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அப்புறம் பத்தாண்டுக்கும் மேல் சாங்யியில் கண்காணிப்பில் கிடந்தார். கி.மு. 63இல், இனி இவரால் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு, 4,000 குடும்பங்களின் வரியோடு ஹைஹுன் கோமான் பட்டம் கொடுத்துத் தெற்கே அனுப்பினார்கள். அங்கே ஒருவரிடம் பழைய கதையை வருத்தத்தோடு பேசியது அரசின் காதுக்குப் போய், அதிலும் 3,000 குடும்பங்கள் பறிக்கப்பட்டன. கி.மு. 59இல் இறந்தார். முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான்.

இத்தனை சான்று கையில் இருந்தும், அகழாய்வுக் குழு பெயரை அறிவிக்கவில்லை. காரணம் நியாயமானது. சாங்யி பாத்திரங்கள் பரம்பரைச் சொத்தாக மகனிடமோ பேரனிடமோ போயிருக்கலாம். பாத்திரத்தில் உள்ள பெயர் பாத்திரத்தின் பெயர்தான். பேழைக்குள் இருப்பவரின் பெயரைப் பேழைதான் சொல்ல வேண்டும். ஊடகங்கள் மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இப்படிக் காத்திருந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பொன்

2015 நவம்பரில் மேற்கறையில் பெட்டிகள் திறந்தபோது பொன் தெரிந்தது. அடுத்த வாரங்களில் பேழைப் பக்கமிருந்தும் வந்தது. மொத்தம் 478 பொற்பொருள்கள், சுமார் 115 கிலோ. 385 வட்டுகள், குதிரைக் குளம்பு வடிவில் 48, கிலின் என்ற கற்பனை விலங்கின் கால்விரல் வடிவில் 25, பொற்தகடுகள் 20. வட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு ஹான் ஜின், அதாவது 250 கிராம்.

குளம்பும் கால்விரலும் ஏன்? கி.மு. 95இல் ஊ பேரரசர், வெள்ளைக் கிலின் அகப்பட்டது, வானக் குதிரை கிடைத்தது, தைஷான் மலையில் பொன் தெரிந்தது என்று நல்ல சகுனங்களைச் சொல்லி, அவற்றின் நினைவாகப் பொன்னை இந்த வடிவங்களில் வார்க்கச் சொன்னார். தன் குலத்து அரசர்களுக்குக் கொடுத்தார். லியூ ஹோவின் தந்தை அப்போது சாங்யியின் அரசர். ஆகவே இவற்றில் பல தாத்தா கையிலிருந்து தந்தைக்கு வந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவையாக இருக்க வேண்டும். விளிம்பில் மெல்லிய பொற்கம்பி வேலைப்பாடு, மேலே கண்ணாடிப் பதிப்பு, அடியில் "மேல்", "நடு", "கீழ்" என்று எழுத்து. செலவழிக்கும் பொன்னுக்கு யாரும் இத்தனை மெனக்கெட மாட்டார்கள்.

வரி குறைக்கப்பட்ட ஒரு சின்னக் கோமானிடம் இவ்வளவு பொன் எப்படி? ஒரு விடை வரலாற்றுப் பதிவிலேயே இருக்கிறது: அரியணையிலிருந்து இறக்கியபோது, சாங்யி அரச குடும்பச் சொத்தை இவரிடமே விட்டுவிட்டார்கள். இன்னொன்று, இவர் இறந்ததும் பட்டத்துக்கு முன்மொழியப்பட்ட இரண்டு மகன்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். வானமே இந்தக் குலத்தை அறுத்துவிட்டது என்று சொல்லிப் பட்டத்தை அப்போது ரத்து செய்தார்கள். வாங்கிக்கொள்ள வாரிசு இல்லாத சொத்து அப்பாவோடு மண்ணுக்குள் போனது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

வட்டின் மேல் மை

சில பொன் வட்டுகளின் முகத்தில் மங்கலான மை எழுத்து இருந்தது. ஹைஹுன் கோமான், அடியவன் ஹோ, யுவான்காங் 3ஆம் ஆண்டு, ஜோ பொன், ஒரு ஜின்.

யுவான்காங் 3 என்றால் கி.மு. 63, பட்டம் கிடைத்த அதே ஆண்டு. ஜோ என்பது ஆண்டின் முதல் மாதத்தில் காய்ச்சத் தொடங்கி, எட்டாம் மாதத்தில் பதமாகும் மது. அந்த மதுவோடு பேரரசர் தன் மூதாதையர் கோயிலில் பெரும்படையல் செய்வார். குலத்து அரசர்களும் கோமான்களும் தங்கள் குடிமக்கள் தொகைக்கு ஏற்ப, ஆயிரம் பேருக்கு 4 லியாங் (கால் ஜின்) வீதம் பொன் கொண்டுவர வேண்டும். அதுதான் ஜோ பொன். விளையாட்டுக் காரியமில்லை. கி.மு. 112இல் எடை குறைவு, மாற்றுக் குறைவு என்று சொல்லி ஊ பேரரசர் ஒரே அடியில் 106 கோமான்களின் பட்டத்தைப் பறித்தார்.

இப்போது லியூ ஹோவின் நிலைமையைப் பாருங்கள். பட்டம் கொடுத்த அதே ஆண்டில், இவர் மூதாதையர் கோயில் சடங்கிலும் அரசவை வருகையிலும் கலந்துகொள்ளத் தகுதியற்றவர் என்று ஓர் அதிகாரி எழுதினார், பேரரசர் ஏற்றுக்கொண்டார். அந்தக் கோயிலில் படையல் பெறுகிறவர்களில் இவருடைய சொந்தத் தாத்தாவும் உண்டு. தன் பெயரை "அடியவன்" என்று எழுதி, ஆண்டைக் குறித்து, சரியாக ஒரு ஜின் எடையில் வார்த்து வைத்த பொன். அது கோயிலுக்குப் போகவில்லை. நான்கு ஆண்டு கழித்து இவரோடு மண்ணுக்குள் போனது.

கல்லறையில் பொன் என்றால் செல்வச் செருக்கு என்றே படிக்கப் பழகிவிட்டோம். இந்த வட்டுகளை அப்படிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. படைக்க அனுமதி கிடைக்காத படையல் இது. அந்த மை ஒரு துடைப்பில் போயிருக்கும். போயிருந்தால் 385 வட்டுகளும் 96 கிலோ சொக்கத்தங்கம் என்ற ஒரே வரியில் முடிந்திருக்கும்.

பேழையை அப்படியே தூக்கியது

2016 ஜனவரியில் இரண்டாவது பெரிய முடிவு. உட்பேழையை இடத்திலேயே திறக்காமல், கீழே தட்டு கொடுத்து, சுற்றிலும் சட்டம் கட்டி, முழுதாகத் தூக்கி அருகில் அமைத்த ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருந்த அறையில், மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். திறந்த வெளியில் ஒரு நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை, அவர்கள் அவசரப்படவில்லை.

உடல் கிட்டத்தட்ட முழுதும் மக்கியிருந்தது. பற்கள் மிஞ்சின. வயிறு இருந்த இடத்தில் முலாம்பழ விதைகள், கடைசியாகச் சாப்பிட்டது. உடலின் கீழே பொற்சரட்டால் கோத்த கண்ணாடித் துண்டுப் பாய். பாயின் அடியில் பொன் வட்டுகள் ஒழுங்காகப் பரப்பப்பட்டிருந்தன. இந்த அடுக்கு வரிசை, உடல், பாய், பொன் என்று, ஆய்வுக்கூடத்தில் பிரித்ததால்தான் துலங்கியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கல்லறை இருக்கிறது. ஜோங்ஷான் குறுநாட்டு அரசர் லியூ ஷெங், கி.மு. 113இல் இறந்தவர். 1968இல் மான்செங்கில் கிடைத்த அவர் கல்லறையில் 2,498 பச்சைக்கல் (ஜேட்) துண்டுகளைச் சுமார் 1,100 கிராம் பொற்கம்பியால் தைத்த முழு உடுப்பு இருந்தது. லியூ ஹோவுக்கு அந்த உடுப்பு இல்லை. ஒரு காலத்தில் அரசர், 27 நாள் பேரரசர். சாகும்போது வெறும் கோமான். உடுப்பு இல்லாத இடத்தில் பாயும், பாயின் அடியில் பொன்னும். சட்டம் அனுமதிக்காததை வேறு வழியில் நிறைவு செய்திருக்கிறார்கள் அவரை அடக்கம் செய்தவர்கள் என்று நினைக்கிறேன்.

இடுப்பருகே ஒரு சின்னப் பச்சைக்கல் முத்திரை. அதில் இரண்டே எழுத்து: லியூ ஹோ. 2016 மார்ச் 2 அன்று பெயரை அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் தகவல் சொல்லி ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்.

பிறகு நடந்தவை

பக்கத்திலிருந்த சிறு கல்லறை ஒன்றில் "லியூ சோங்குவோ" என்று பொறித்த வெண்கல முத்திரை கிடைத்தது. அப்பாவுக்குப் பின் பட்டம் பெறாமலே இறந்த மூத்த வாரிசின் பெயர் அது. ஏட்டில் இருந்த செய்தி மண்ணிலும் இருந்தது.

5,000க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. கன்ஃபூசியஸின் உரைத்தொகுப்பில் காணாமல் போனதாக நினைத்த பகுதியின் தலைப்பும் அவற்றில் இருந்தது. லியூ ஹோ பேரரசருக்கு எழுதிய விண்ணப்பங்களின் மரப்பலகைகளும் வந்தன. 2020 செப்டம்பரில் கல்லறைப் பகுதியிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள்.

எதை மாற்றலாம்

இந்த அகழாய்வின் அடிப்படை முடிவுகளில் நான் குறை காணவில்லை. ஆனால் வெளியுலகுக்குச் சொன்ன வரிசை வேறு மாதிரி இருந்திருக்கலாம். முதலில் எடை வந்தது, எண்ணிக்கை வந்தது, இன்றைய விலையில் எவ்வளவு என்ற பேச்சு வந்தது. மை எழுத்தும் சடங்குத் தடையும் சேர்ந்து ஒரு கதையாகப் பொதுமக்களைச் சேரத் தாமதமானது. விலையைக் கேட்டுப் பழகிய காதுதான் அடுத்த குழியைத் தோண்டுகிறது. இடத்தையும் எழுத்தையும் முதலில் சொல்லிவிட்டு, எடையைக் கடைசியில் சொல்லலாம்.

பொன் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் அதைத் துணிச்சலாகக் கையாளும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. இந்த வட்டுகளைப் பார்த்த பிறகு, மண் துடைப்பதற்கு முன் ஒவ்வொரு பொற்பொருளின் இரு முகங்களையும் அகச்சிவப்புப் படமெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். பட்டுக்குக் காட்டும் பயம் பொன்னுக்கும் வேண்டும்.

காவல் விஷயம் ஒன்று. மண்மேட்டின் கீழே கோமான் கல்லறை இருப்பது திருடர்களுக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பழைய நகரத்தின் பெயர் ஏட்டில் இருக்கும்போது, அதன் சுற்றுப்புற மேடுகளை முன்கூட்டியே வரைபடத்தில் ஏற்றிக் காவல் போட்டிருக்க முடியும். இங்கே அந்த வேலையை ஊர்க்காரர்கள் செய்தார்கள்.

அதே மண்மேடையின் மறுபாதியில் மனைவியின் மேடு இருக்கிறது. "அடியாள்" என்று பணிந்து அவர் ராஜமாதாவுக்கு எழுதிய விண்ணப்பத்தின் பலகை, கணவனின் கல்லறையில் கிடைத்தது. அவருடைய கல்லறையை அந்த அகழாய்வில் திறக்கவில்லை.